இருநூறு கஜம் வரைதான்

டார்பி, மொன்டானா
1974 செப்டம்பர் 3

அல்டா,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். யார் முதலில் வைத்தது என்று அதற்கும் ஒரு சண்டை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ அடுப்பில் போடலாம், ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் போட முடியாது பார்.

நல்ல செய்தி ஒன்று. குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. ஆண் எல்க் மானுக்கான அனுமதிச் சீட்டு, அதுவும் எரிந்த மலைக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பள்ளத்தாக்குக்கு. எத்தனை வருடம் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டோம்! நீ வீட்டை விட்டுப் போன வருடம் பார்த்துக் கிடைக்கிறது.

கெட்ட செய்தி, என்னிடம் துப்பாக்கி இல்லை. படகு மோட்டாருக்காக என்னுடையதை விற்றேன். அதைப் பற்றி நீ பேச வேண்டியதையெல்லாம் ஜூன் மாதமே பேசிவிட்டாய், திரும்ப ஆரம்பிக்காதே. வீட்டில் இருப்பது உன் ரைபிள்தான். படுக்கையறை அலமாரியில் நீ வைத்த உறையிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை. (திறந்து பார்த்தேன். எண்ணெய் போட்டேன். அதைத் தொடுவது என்று சொன்னால், ஆமாம், தொட்டேன்.)

அதை எடுத்துக்கொண்டு போகலாமா?

பக்கத்து வீட்டு டிவைட்டிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் நாயே எழுந்து போய்விட்டது. "என்னாது, அல்டாவோட அந்த முந்நூறு ரைபிளா? அது ஒன் மாமனார் காலத்துத் தோட்டாய்யா. அத வச்சு முயல் அடி, போ" என்றான். அவனுடைய மேக்னம் துப்பாக்கிதான் உனக்குத் தெரியுமே, மலையையே ஓட்டை போடும் என்று சொல்லிக்கொண்டு திரிவான். ஆனால் அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் மான் எப்போதும் எதிர்ச் சரிவில்தான் நிற்கும். நானூறு கஜமாவது இருக்கும்.

நீதான் இத்தனை வருடமும் சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வைத்து, வெடிமருந்தும் குண்டும் போட்டு நம் வீட்டுத் தோட்டாக்களைக் கட்டினாய். நான் தோட்டா அழுத்துகிற பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்ததோடு சரி. எந்த மருந்து, எவ்வளவு என்று எழுது. அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்பதையும் எழுது.

நான் எங்கும் போகவில்லை. மரம் அறுக்கும் ஆலையிலேயே வேலை. படகு வண்டி முற்றத்தில் நிற்கிறது, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஹார்லன்


ஸ்போகேன், வாஷிங்டன்
செப்டம்பர் 9

ஹார்லன்,

சீட்டு கிடைத்ததற்கு வாழ்த்து. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றது.

ரைபிளை எடுத்துக்கொள். உன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த சம்பளத்தில் நானே போய் வாங்கியது என்பதை மட்டும் மறக்காதே. கடைக்காரன் "வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டான். "எனக்கு வீடே இல்ல" என்றேன். நீ ஆறு ஊர் மாற்றினாய், போகிற ஊரிலெல்லாம் ஒரு துப்பாக்கியும் மாற்றினாய். நான் இந்த ஒன்றோடுதான் இருந்தேன்.

தோட்டா கட்டுகிற சாமான் எல்லாம் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. மருந்து டப்பாவின் மேல் ஒட்டிய தாளில் அளவு எழுதியிருக்கிறேன். நூற்றைம்பது கிரெயின் எடைக் குண்டுக்கு, என் ரைபிளுக்கு, நானே சுட்டுப் பார்த்துக் கண்ட அளவு. அதில் ஒரு துணுக்குக்கூடக் கூட்டாதே. வேறு மருந்து போடாதே. எவனோ எவனுடைய துப்பாக்கிக்கோ சொன்ன கணக்கை இதில் போடாதே.

இன்னொன்று. சுட்ட கூடு வீங்கியிருக்கும், அதைப் பழைய அளவுக்குச் சுருக்குகிற அச்சு பிரஸ்ஸில் மாட்டியே இருக்கிறது. அதன் பூட்டு வளையத்தைத் தொடாதே. என் ரைபிளில் தோட்டா உட்காருகிற அறைக்கு ஏற்ற மாதிரி, முடி நுழைகிற அளவு இடம் விட்டு அதை நிறுத்தியிருக்கிறேன். கைப்பிடியை இறக்கு, ஏற்று. வேறு எதுவும் செய்யாதே.

இப்போது உன் நானூறு கஜம். அந்தத் தோட்டாவுக்குக் குட்டைக் கழுத்து, சின்ன வயிறு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டிவைட்டின் மேக்னம் ஒரு வெடிக்குக் குடிக்கிற மருந்து இதன் வயிற்றில் கொள்ளவே கொள்ளாது. இருநூறு கஜம் வரை, விலாவில் படும்படி சுட்டால், எல்க் நாலு எட்டு வைத்துப் படுத்துவிடும். அதற்கு மேலே குண்டு தளர்ந்து தாழ ஆரம்பிக்கும். மான் சாகாது, அடிபடும். அடிபட்ட மானைத் தேடி மூன்று நாள் அலைந்த முகத்தை உன்னிடமே ஒரு முறை பார்த்திருக்கிறேன். நான் அடித்தவற்றில் ஒன்றுகூட இருநூறைத் தாண்டி நின்றதில்லை. நின்றவற்றை நான் அடிக்கவில்லை.

நானூறில் நிற்கிறதா? நடந்து போ. உனக்குக் கால் இருக்கிறது.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது, பெரிய அண்டா, பெரிய கரண்டி, கேள்வி கேட்காத பிள்ளைகள். உன் கடிதத்தை பெர்னிஸ் அக்காவும் படித்தாள். "ஏன்டி, முழுக்கத் துப்பாக்கியப் பத்தித்தான் எழுதியிருக்கான். எப்டி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். 

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு காலியாகப் போகிறது. எடுத்துக்கொள்கிறேனா இல்லையா என்று நவம்பர் நன்றியறிதல் நாளுக்குள் வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும். டார்பிக்குத் திரும்புவதா, இங்கேயே தங்குவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துவிட்டது என்று நீ எந்தப் பக்கமும் நினைத்துக்கொள்ளாதே.

அல்டா


டார்பி
செப்டம்பர் 18

அல்டா,

எப்படி இருக்கிறாய்? இதோ, கேட்டுவிட்டேன், பெர்னிஸிடம் காட்டு.

நீ எழுதியதில் அந்தச் சின்ன வயிறு, சட்டி, அகப்பை எல்லாம் ரைபிளைப் பற்றியா, என்னைப் பற்றியா? இரண்டு நாளாக ஆலையில் ரம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். மேஸ்திரி, "விரல எண்ணிக்கிட்டே வேல பாருப்பா" என்று கத்தினான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அளவுப்படியே கட்டினேன். டிவைட்டிடம் குண்டின் வேகத்தை அளக்கிற கருவி இருக்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு காகிதத் திரை கிழியும், பெட்டி ஒரு எண் காட்டும். சரளைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தோம். அல்டா, தோட்டாப் புத்தகத்தில் போட்டிருக்கிற வேகம்கூட வரவில்லை! விநாடிக்கு நூறு அடிக்கும் மேலே குறைகிறது. டிவைட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஆத்மா சாந்தியடையட்டும்" என்றான். எனக்கு மானமே போயிற்று. உனக்காகத்தான் போயிற்று என்றும் சொல்லலாம்.

அதனால் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். டிவைட் பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, "இந்த அச்ச ஏன் இவ்ளோ மேல நிறுத்தி வச்சிருக்கு? அடி முட்டுற வரைக்கும் எறக்கு, அப்பறம் இன்னும் கால் சுத்து. நாங்கள்லாம் அப்டித்தான்" என்றான். இறக்கினேன். தோட்டா அறைக்குள் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது இப்போது.

வேகம் வந்துவிட்டது! புத்தகத்தையே தாண்டிவிட்டது. சுட்டபின் ரைபிளைத் திறக்கிற லீவர் கொஞ்சம் இறுகுகிறது, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும். முன்பு உன் தோட்டாவில் குறிப்பலகை ஓட்டைகள் சாசருக்குள் அடங்கின, இப்போது தட்டு அளவுக்குப் போய்விட்டன. அதைச் சரிசெய்துவிடலாம். கூர்முனைக் கனத்த குண்டு வாங்கிப் பார்த்தேன், தோட்டா நீண்டுபோய் உன் ரைபிளில் தோட்டா அடுக்குகிற சுழல் அறைக்குள்ளேயே நுழையவில்லை. டிவைட் அதற்கும் சிரித்தான்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடி வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது?

ஹார்லன்


ஸ்போகேன்
செப்டம்பர் 23

நிறுத்து.

இதைப் படித்து முடிக்கும் வரை அந்த ரைபிளைத் தொடாதே. நேற்று தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, சரளைக் குழியில் இருந்திருப்பாய். இன்று ஆலை மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று தெரியாது, ஆகவே எழுத்திலும் சொல்கிறேன்.

ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்து. நுனியைக் கொக்கி மாதிரி மடக்கு. நீ சுட்ட பித்தளைக் கூட்டுக்குள் அதை விட்டு, சுவரை ஒட்டினாற்போல் அடியிலிருந்து மேலே இழு. அடிக்குச் சற்று மேலே நுனி எங்காவது ஒரு பள்ளத்தில் தட்டுகிறதா பார். தட்டினால் அந்தக் கூடு அடுத்த வெடியிலோ அதற்கடுத்ததிலோ அங்கேயே இரண்டாகப் பிய்யும். அடித்துண்டு மட்டும் வெளியே வரும், மற்றது அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் வந்தால் அங்கே இருப்பது உன் கண்.

டிவைட்டின் துப்பாக்கி தோட்டாவை முன்னாலேயே பிடித்துப் பூட்டும். என்னுடையது பின்னால் பூட்டுகிறது, ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பித்தளையும் கூடவே நீளும். அதற்காகத்தான் அச்சை அப்படி நிறுத்தி வைத்தேன். நீ அதை அடி வரைக்கும் இறக்கிக் கூட்டைக் குட்டையாக்கினாய், அதற்கு மேல் மருந்தையும் ஏற்றினாய். லீவரைத் தட்டித் திறந்தேன் என்று ஏதோ சாதனை மாதிரி எழுதுகிறாய்! அது கெஞ்சுகிறது ஹார்லன், போதும் என்று கெஞ்சுகிறது. சுருக்கும்போது தடவுகிற மெழுகையாவது துடைத்தாயா?

வேகம் குறைந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. புத்தகக்காரர்கள் நீளக் குழலில் அளந்து போடுவார்கள், என்னுடையது குட்டை. அது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்துதான் அதோடு வேட்டைக்குப் போனேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ரைபிளைப் பற்றித்தான் எழுதினேன். எல்லாவற்றிலும் உன்னைத் தேடாதே. ஆனால் நீயே கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். கீரி மாதிரி ஒரு பிராணியை ரோமத்துக்காக வளர்த்தோமே, இரண்டு கூண்டோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தொழில் பிழைத்திருக்கும். செர்ரித் தோட்டம் அழகாகத்தான் காய்த்தது, பக்கத்து நிலமும் வேண்டும் என்றாய். டார்பியில் எனக்கு ஒரு வேலி, ஒரு தக்காளிப் பாத்தி, சர்ச்சில் பேச இரண்டு பெண்கள் என்று கிடைத்த அன்று, படகு வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாய். "ஆத்து முகத்துக்குப் போறோம், அல்டா, மூட்டையக் கட்டு" என்றாய். கேட்டாயா என்னை? சொன்னாய்.

மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். அந்த வளையத்தை நான் பதினோரு வருடமாகத் தொடவில்லை. தொடாதே என்று எழுதியும் நீ அதைக் கழற்றினாய்.

அல்டா


டார்பி
அக்டோபர் 2

அல்டா,

மேஸ்திரி என்னிடம் சொன்னது இதுதான்: "ஒம் பொண்டாட்டி போன் பண்ணா. ஒன்னயக் கொல்லப் போறாளாம். அதுக்கு முன்னாடி நீயா செத்துடாதேன்னு சொல்லச் சொன்னா." ஆலை முழுக்க இரண்டு நாள் இதே பேச்சு.

கிளிப்பை வளைத்தேன். முதல் கூட்டில் ஒன்றும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. இவள் பயமுறுத்துகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவதில் நுனி தட்டியது. மெல்லத்தான் தட்டியது. வெளியே எடுத்து மறுபடி விட்டேன், மறுபடி தட்டியது. அப்புறம் ஒவ்வொன்றிலும் தட்டிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அல்டா. அவற்றைத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடுவதாக இருந்தேன்.

எல்லாவற்றையும் சம்மட்டியால் நசுக்கினேன். கட்டி வைத்திருந்தவற்றிலிருந்து குண்டுகளை உருவி, மருந்தைப் புல்வெளியில் கொட்டினேன். டிவைட் வந்து, "நல்ல மருந்தய்யா, இப்டி உரமாப் போடுறியே" என்றான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பின்னால பூட்டுற வகைன்னு எனக்கு ஒறைக்கலப்பா" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

செர்ரித் தோட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பக்கத்து நிலம் மலிவாக வந்தது என்பது உனக்கும் தெரியும். விடு. அதை எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கேட்காமல் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய், அது உண்மை.

வளையத்தை முன்பு இருந்த இடத்தில் நிறுத்தப் பார்க்கிறேன். எனக்கு வரவில்லை. எப்படி நிறுத்தினாய்? எனக்குத் தெரியாது, அல்டா. சொல்லிக்கொடு.

ஹார்லன்


ஸ்போகேன்
அக்டோபர் 7

ஹார்லன்,

உன் கடிதத்தை அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். "எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்த இடத்தில் சூப் பொங்கிவிட்டது. நம் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பெர்னிஸிடம் காட்டினேன். "கையெழுத்து அவனோடதுதானா?" என்றாள்.

புதுக் கூடு வாங்கு, கஞ்சத்தனம் பண்ணாதே. உன் கையாலேயே முதலில் என் அளவுக்குக் கட்டி ஒரு தடவை சுடு. சுட்ட கூட்டில் கழுத்துக்குக் கீழே சரிகிற தோளை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கு. அச்சை நன்றாக உயர்த்தி வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சுருக்கிப் பார். ஒவ்வொரு முறையும் மெழுகைத் துடைத்து, வெறும் கூட்டை ரைபிளில் போட்டு லீவரை மூடு. முதலில் மூடாது. பொறு. புகைக்கறை தோளில் தேயத் தொடங்கி, லீவர் மூடும்போது கையில் ஒரு சின்ன உரசல் மட்டும் தெரிகிற இடம் ஒன்று வரும். அங்கேயே பூட்டிவிடு. அவசரப்பட்டு அந்த இடத்தைத் தாண்டிவிட்டாயானால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி.

குண்டு விழுகிற இடத்தை நூறு கஜத்திலும் இருநூறிலும் சுட்டுப் பார். அதற்கு அப்பால் பார்க்கவே பார்க்காதே, பார்த்தால் உனக்கு ஆசை வரும்.

மாடி வீடு கிழக்கைப் பார்த்திருக்கிறது.

அல்டா


டார்பி
அக்டோபர் 27

அல்டா,

இதைக் கேள். உட்கார்ந்து கேள்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். உரசல் தெரிகிற இடம் கிடைக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. குண்டு மறுபடியும் சாசருக்குள் விழுகிறது. கருவியை டிவைட்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், வேகம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. (பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது.)

சீசன் தொடங்கின அன்று கருக்கலில் விளிம்பில் போய்ப் படுத்தோம், நானும் டிவைட்டும். அவனுக்கு ஆண் மான் சீட்டு இல்லை, வேடிக்கை பார்க்க வந்தான். வெளிச்சம் வந்ததும் எதிர்ச் சரிவில், கருகிய மரங்களுக்கு நடுவே, நின்றது. கொம்பு ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை. பக்கவாட்டில், விலாவைக் காட்டிக்கொண்டு, ஏதோ படம் பிடிக்கக் கூப்பிட்ட மாதிரி நின்றது. கீழே பெண் மான்கள் மேய்ந்தன. 

"அடி" என்றான் டிவைட்.

"எட்டாது" என்றேன்.

"ஒரு அடி மேல பிடிச்சு அடி, எட்டும்."

"எட்டும்டா. ஆனா கொல்லாது."

"அப்ப இந்தா, என்னோடத எடு. நானூத்துக்குத்தான் செட் பண்ணி வச்சிருக்கேன். நீ விசைய அமுக்கினாப் போதும்."

நான் அதைக் கையில் வாங்கினேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தொலைநோக்கி வழியாகப் பார்த்தேன். மான் அவ்வளவு பக்கத்தில் நின்றது, அதன் மூக்கிலிருந்து ஆவி வருவது தெரிந்தது. பாதுகாப்புப் பூட்டை நீக்கிவிட்டேன். அந்தத் துப்பாக்கியில் ஒரு வெடிகூட நான் சுட்டதில்லை. மூச்சு வாங்குகிறது, குறுக்குக் கம்பி விலாவிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து தொடைக்கும் போய்ப் போய் வருகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிவைட் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"எங்கய்யா போற?"

"கிட்டப் போறேன்."

பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப் பக்கம் கையும் காலுமாக ஏறினேன். இருநூறுக்குள் வந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். காற்று பிடரியில் பட்டது, என் வாடை மானுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு கிளை முறிகிற சத்தம், அப்புறம் அத்தனை மானும் மலைக்கு அந்தப் பக்கம். மீதி நாளெல்லாம் தேடினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். குளம்புத் தடம்தான் கிடைத்தது. நேற்றோடு என் விடுப்பு முடிந்தது, பனியும் விழுந்து வழி மூடிவிட்டது.

கையில் ஒன்றும் இல்லை. இறைச்சி வைக்கிற குளிர்பெட்டி காலி. ஊரில் டிவைட் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் அல்டா, நான் சுடவில்லை! நீ சொன்ன இருநூறைத் தாண்டி நான் சுடவில்லை. நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்? படகு வண்டிக்கும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி நீ வர வேண்டியதுதான். நன்றியறிதல் நாளுக்கு வந்துவிடு. மாடி வீட்டுக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஹார்லன்


ஸ்போகேன்
நவம்பர் 10

அன்புள்ள ஹார்லன்,

உன் கடிதத்தை ஒரு வாரமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த இடத்தைப் படித்து அழுதேன். சிரிப்பும் வந்தது, கையும் காலுமாக நீ மலையேறுவதை நினைத்து. அதை மானுக்காகச் செய்தாயா, எனக்கு எழுதுவதற்காகச் செய்தாயா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம், எதற்காகச் செய்திருந்தால் என்ன, மானுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. அது விலாவில் வலியில்லாமல் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கிறது. உன்னைப் பற்றிப் பெருமையாக இருக்கிறது. இதை நான் சும்மா சொல்கிறவள் இல்லை.

மாடி வீட்டை எடுத்துக்கொண்டேன்.

கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதே, மீதியையும் படி. உன்னைத் தண்டிக்க எடுக்கவில்லை. நான் இங்கே நன்றாகத் தூங்குகிறேன், ஹார்லன். அதுதான் காரணம். வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. இருபத்திரண்டு வருடம் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அடுத்து என்ன வரப்போகிறது, எந்த ஊர், எந்தக் கூண்டு, எந்த மோட்டார் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் அது தெரிந்தது. அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் கல்யாணம் என்று நினைத்துவிட்டேன்.

நீ இந்த ஒரு மாதம் இருந்த மாதிரி எப்போதும் இருப்பாயா? இருக்க மாட்டாய். இருக்கச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. வசந்தத்தில் உனக்கு ஏதாவது ஒரு யோசனை வரும், கண் மின்னும், அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். அதை அணைத்து வைத்துக்கொண்டு என் தக்காளிப் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்திரு என்றால், அதில் யாருக்கு என்ன சந்தோஷம்?

நான் கொடுக்க முடிந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் வருகிறேன். ஒவ்வொரு வருடமும். பத்து நாள். கூடாரம் நம்முடையது, தோட்டா நான் கட்டியது, ரைபிளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். நீ ரொட்டியைக் கருக்குவாய், நான் திட்டுவேன். அந்தப் பத்து நாளில் நாம் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறோம், யோசித்துப் பார், ஒரு வருடம்கூடச் சண்டை போட்டதில்லை. அவ்வளவு தூரம் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மேல் சொன்னால் அது பொய்யாகிவிடும், உனக்கும் அடிபடும், எனக்கும் அடிபடும்.

வரட்டுமா, வேண்டாமா என்று எழுது. வேண்டாம் என்றாலும் நான் புரிந்துகொள்வேன்.

அல்டா


டார்பி
நவம்பர் 21

அல்டா,

முதலில் எழுதியதை அடுப்பில் போட்டேன். இரண்டாவதையும் போட்டேன். மூன்றாவதில் உன் அக்காவையும் சேர்த்துத் திட்டியிருந்தேன், அது நன்றாக எரிந்தது. எனக்குக் கோபம்தான். இந்த வரியை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னபடி எல்லாம் செய்தால் நீ வந்துவிடுவாய் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படி ஒரு கணக்கை நீ எங்கேயும் எழுதவில்லை, கடிதங்களைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

டிவைட் நேற்று வந்தான். "என்னய்யா சொல்றா?" என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பத்து நாளா? எம் பொண்டாட்டி எங்கூடப் பத்து நிமிசம் மல ஏற மாட்டா" என்று சொல்லிவிட்டு, அவள் சுட்ட கேக்கை வைத்துவிட்டுப் போனான். முழுவதையும் நானே தின்றேன்.

பத்து நாள் எனக்குப் போதாது. அதை மாற்றி எழுத முயன்றேன், வரவில்லை, அதனால் அப்படியே இருக்கட்டும். போதாது, அல்டா.

வா.

ஹார்லன்